கம்பியில் ஊர்ந்தது

பேக்கரியில் அவளுக்குக் கிரீம் அக்கா என்று பெயர். முதலாளியிலிருந்து முட்டை அட்டைகளை இறக்கிவிட்டுப் போகிறவர் வரைக்கும், வயசு வித்தியாசம் பார்க்காமல், எல்லாருக்கும் அவள் அக்காதான். கேக்கின் மேல் பூ வைப்பது, ஓரம் கட்டுவது, கேட்ட பெயரைக் கோணாமல் எழுதித் தருவது, இதுதான் பல வருஷமாக அவள் வேலை. வலது கை கிரீம் பையைப் பிழியும், இடது கை கேக் வைத்த தட்டைச் சுழற்றும். "என் கையெழுத்தைத் தின்னாத ஆள் இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் வெண்ணெய் சிந்திக் கிடந்த தரையில் கால் வழுக்கியது. ஊன்றிய இடது மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது. மாவுக்கட்டு போட்டு, நாளாகிப் பிரித்தபோது, அந்தக் கை யாருடையதோ போலத் தொங்கியது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கமாட்டேன் என்று அடம்பிடித்தன. தட்டைச் சுற்றினால் கேக் ஒரு பக்கம் போயிற்று, பூ ஒரு பக்கம் போயிற்று. முதலாளி நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் எழுதிய கேக்கை ஒருமுறை திருப்பி வைத்துப் பார்த்தார். அது போதாதா அவளுக்கு.

பிசியோதெரபிக்குப் போனாள். அங்கிருந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள்.

"இதைப் பார்த்தாலே எரிச்சலா வருதும்மா" என்றாள் கிரீம் அக்கா.

"பந்து பிடிக்கலைன்னா வேற எதையாவது அமுக்குங்க. விரல் நுனிக்கு வேலை வேணும், அவ்வளவுதான். போகப்போக விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பயந்துடாதீங்க. நரம்பு முழிச்சுக்குதுன்னு அர்த்தம்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டாள். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் அந்த நல்ல வார்த்தைதான்.

பேக்கரியில் அடுப்பைக் கவனிக்கிறவரை ஓவன்காரர் என்பார்கள். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். தன்னைவிட மற்றவர்தான் மூத்தவர் என்று இரண்டு பேரும் சாதிப்பார்கள். வாலிபத்தில் அவர் நண்பர்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்தவர். ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் வாத்தியங்கள் மட்டும் மிஞ்சிய குழு அது. டீ குடிக்கும்போது இவள் கதையைக் கேட்டுவிட்டு, "விரலைத்தானே அமுக்கணும்? எங்க வீட்டு பீரோ மேல ஒரு எலக்ட்ரிக் கிட்டார் தூசி தின்னுக்கிட்டு கிடக்கு. கொண்டாரட்டுமா?" என்றார்.

"எனக்கும் கிட்டாருக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"பந்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

மறுநாள் கிட்டார் வந்தது. கூடவே செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ஆம்ப், அதுதான் சத்தம் வரும் பெட்டி. மாவு மூட்டைகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூலைப் போட்டு முதல் பாடம் நடந்தது.

"முழு கார்டு, அதாவது பல கம்பியைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்கணும்னா நாலு விரலும் வளைஞ்சு கொடுக்கணும். உங்க கைக்கு அது இப்ப ஆகாது. பவர் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. ஆள்காட்டி விரலை இந்தத் தடிச்ச கம்பியில வைங்க. மோதிர விரலை அடுத்த கம்பியில, ரெண்டு கட்டம் தள்ளி வைங்க. மத்த கம்பியில கை படாம இந்த ரெண்டை மட்டும் அடிங்க."

அடித்தாள். ஈரத்துணியை உதறியது போல ஒரு சத்தம் வந்தது.

"விரல் சரியா அழுத்தலை. போகட்டும். இதுல ஒரு சௌகரியம் என்னன்னா, இதே பிடியை அப்படியே மேலயும் கீழயும் நகர்த்தினா போதும். புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம்." ஓவன்காரர் கிட்டாரை வாங்கித் தானே ஒருமுறை அடித்துக் காட்டினார். மாவு மூட்டைகள் அதிர்ந்தன. "கேட்டீங்களா? இது சந்தோஷமா துக்கமான்னு சொல்ற சுரத்தை இதுலேர்ந்து எடுத்துட்டாங்க. அதனால இது சிரிக்காது, அழாது. சும்மா நின்னு முறைக்கும்."

அவளுக்கு அந்த முறைப்பு பிடித்துப்போயிற்று.

அவள் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பவர் கார்டு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் போனில் சொன்னதை இரைச்சலில் பாதி கேட்டு, கடையில் பவர் கார்டு என்று கேட்டு, சாயங்காலம் வரும்போது கறுப்பாக ஒரு கரண்ட் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். "எவ்வளவு நீளம்னு சொல்லலையே. ரெண்டு மீட்டரா வாங்கிட்டேன்." மாமியார் சிரித்த சிரிப்பில் பல்செட்டு கழன்று மடியில் விழுந்தது.

வீடு அவர்கள் சொந்தமாகக் கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, வழவழவென்று சிமெண்ட் தரை. ஒயரிங் முழுவதும் அவளுடைய தம்பி செய்தது. எலக்ட்ரீஷியன். ஊரில் அவனை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், அவனுக்கும் அதில் பெருமை. அக்கா வீடு என்பதால் கூலி என்று ஒரு பைசா தொடவில்லை. அதனாலேயே அந்த ஒயரிங்கைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. வீட்டுக்காரர் மட்டும் சொல்வார். விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தால் போதும், "பாரு, என் மச்சான் கண்ணடிக்கிறார்" என்பார்.

"உங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தர் வந்து ஒரு ஆணி அடிச்சிருப்பாங்களா இந்த வீட்டுல?" என்று அவள் வரிந்துகட்டிக்கொண்டு வருவாள்.

"அடிச்சிருந்தா ஆணி நின்னிருக்கும்" என்று அவர் நகர்ந்துவிடுவார்.

இப்படி எத்தனையோ முறை. தம்பிக்கு அம்மா முகம் அவ்வளவாக நினைவில்லை. இவள்தான் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தாள். அவனை யாராவது ஒன்று சொன்னால் இவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

பேக்கரி வேலை விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து, தரையைத் துடைத்துவிட்டு, சமையலறையை ஒட்டிய அறையில் நாற்காலி போட்டு உட்காருவாள். வெறுங்கால் இரண்டும் குளிர்ந்த தரையில் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ். ஆம்பை பிளக்கில் சொருகி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த ஒரே பிடியை மேலும் கீழும் நகர்த்துவாள். விரல் நுனி சிவந்தது, வீங்கியது, தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் அழுத்தினாள். ஒருநாள் அந்த ஈரத்துணிச் சத்தம் போய், உண்மையான சத்தம் எழும்பியது. கனமாக, கரகரவென்று, எங்கோ பெரிய கதவு ஒன்றை இழுத்துச் சாத்துவது போல. சமையலறையிலிருந்து மாமியார், "யாரும்மா வந்திருக்கிறது?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மதியம்தான் முதல் எறும்பு ஊர்ந்தது. விரல் நுனியில் மெல்லிய நமைச்சல். கம்பியின் மேல் பொடிப்பொடியாக ரோமம் முளைத்திருப்பது போல ஒரு உணர்ச்சி. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நரம்பு விழித்துக்கொள்கிறது! அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போனபோது மறக்காமல் சொன்னாள். அந்தப் பெண்ணும், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று முகம் மலர்ந்தாள். மோதிர விரலும் உண்மையிலேயே மடங்க ஆரம்பித்திருந்தது. பிறகு சந்தேகம் எப்படி வரும்?

எறும்பு தினமும் வரவில்லை. சில மதியம் வரும், சில மதியம் வராது. வந்தால் கொஞ்ச நேரம் ஊரும், பிறகு திடீரென்று நின்றுவிடும். நின்ற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் மோட்டாரும் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை.

வீட்டில் வேறு சில சின்ன விஷயங்களும் நடந்துகொண்டிருந்தன. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்கு மங்கியது. மெயின் ஸ்விட்ச் இருக்கிற மூலையில் எப்போதாவது பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தது. பின்னால் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். மாமியார் ஒருநாள் தட்டில் கை வைத்தபடியே, "டேய், உன் ஃபிரிட்ஜ் என்னைக் கடிக்குதுடா" என்றாள்.

"பல்லு இருக்கிறவங்க கடிக்கத்தானேம்மா செய்வாங்க" என்றார் மகன்.

"விளையாட்டு இல்லடா. கைப்பிடியைப் பிடிச்சா சுருக்குங்குது."

"வயசாச்சுன்னா நரம்பு அப்படித்தான். உன் மருமகளைக் கேளு, அவளுக்கும் ஊருதாம்."

எல்லாரும் சிரித்தார்கள். கிரீம் அக்காவும் சிரித்தாள்.

ஓவன்காரர் அடுத்த பாடத்துக்கு வந்தார். "இவ்வளவு நாளா கம்பியை அடிச்சு அப்படியே விட்டீங்க. இனிமே வலது உள்ளங்கை ஓரத்தைக் கம்பி போய் முடியற இந்த இரும்புத் தகடு மேல வச்சுக்கிட்டு அடிங்க. சத்தம் அமுங்கி வரும். நெஞ்சு அடிச்சுக்கிற மாதிரி." அவர் செய்து காட்டினார். தும், தும், தும், தும் என்று அது நடந்து வந்தது. யாரோ படியேறி வருகிற மாதிரி இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தரையைத் துடைத்து, அது காய்வதற்கு முன்பே உட்கார்ந்தாள். புதுப் பாடம், ஆசை பொறுக்கவில்லை. வலது உள்ளங்கையைத் தகட்டின் மேல் பதித்தாள். அடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு கிளம்பியது. வலது உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது.

கையை எடுத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

இது முறியாத கை. இந்தக் கையில் எந்த நரம்பும் தூங்கப் போகவில்லை, விழிப்பதற்கு.

இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு தகட்டைத் தொட்டாள். ஒன்றுமில்லை. ஒரு காலை மட்டும் இறக்கிக் கட்டை விரலால் ஈரத்தரையைத் தொட்டாள். எறும்பு. இப்போது எறும்பு கூட இல்லை, மணிக்கட்டு வரைக்கும் ஏறுகிற ஒரு நடுக்கம். காலைத் தூக்கினாள். நின்றது. ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அத்தனை நாள் சந்தோஷப்பட்டது இதற்குத்தானா.

வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று இரண்டுமுறை வாயைத் திறந்தாள். அவர் கை கழுவிக்கொண்டே, "என்ன, மச்சான் விளக்கு இன்னிக்கு அழுது வடியுது?" என்று கேட்டுவிட்டார். வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள். இவரிடம் சொன்னால் ஆயுசுக்கும் இதுவே பாட்டாகிவிடும். தம்பியைக் கூப்பிட்டுக் காதும் காதும் வைத்தாற்போல் சரிசெய்துவிட்டால் முடிந்தது. மாமியாரிடம் மட்டும், "அத்தை, ஃபிரிட்ஜை நான் வந்து திறந்து தரேன், நீங்க தொடாதீங்க" என்றாள்.

"உன் ஃபிரிட்ஜை நான் தின்னுட மாட்டேன்" என்றாள் மாமியார் கோபமாக.

தம்பி உடனே வரவில்லை. கேட்டால் தலைக்கு மேல் வேலை என்றான். ஒருவழியாக ஒரு மதியம், வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான். அவள் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"மாமா ஏதாவது சொன்னாரா?"

"அவருக்குத் தெரியவே தெரியாதுடா. நான் உன்கிட்டதான் சொல்றேன்."

அவன் டெஸ்டரை எடுத்துச் சுவரில் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஆம்பைத் தூக்கிப் புரட்டினான். "எந்தக் காலத்துப் பெட்டிக்கா இது? உள்ள எல்லாம் இத்துப் போயிருக்கும். கரண்ட் லீக் ஆகுது."

"ஃபிரிட்ஜும் கடிக்குதுன்னு அத்தை சொல்றாங்களே."

"அவங்க எதைத்தான் குறை சொல்லலை?" பையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தான். ஆம்பின் மூணு பின் பிளக்கைக் கையில் பிடித்து, மேலே தடிமனாக நின்ற அந்த மூன்றாவது பின்னை முறுக்கிப் பிடுங்கி எறிந்தான். "இப்ப சொருகித் தொட்டுப் பாரு."

பயந்து பயந்து தொட்டாள். காலைத் தரையில் வைத்துக்கொண்டு தொட்டாள். ஒன்றும் இல்லை. ஆம்பில் மட்டும் தேனீக்கூடு போல ஒரு ரீங்காரம் கூடியிருந்தது.

"பாத்தியா? பெட்டிதான். என் வேலையில ஒரு குறை வராதுக்கா." அவன் சிரித்தான். ஆனால் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெயின் இருக்கிற மூலையைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டான். வழக்கமாக அக்கா வீட்டில் தட்டு காலியாகாமல் எழுந்திருக்கிறவன்.

நாலைந்து நாள் நிம்மதியாக இருந்தாள், அல்லது நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள். கிட்டாரை எடுத்தாள், வாசித்தாள். தும், தும் என்று உள்ளங்கை அமுங்க அடித்தாள். விரல்கள் பழையபடி ஆகிக்கொண்டிருந்தன. ஆனால் வாசிக்கும்போதே காது வேறெங்கோ போய்விடும். ஃபிரிட்ஜ் எப்போது கிளம்புகிறது, விளக்கு எப்போது மங்குகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியில் ஒன்றும் ஊரவில்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் அவளை உறுத்தியது.

ஒருநாள் பேக்கரியில் பெரிய கேக் ஒன்றுக்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தாள். கிரீம் பையின் அடியில் சின்னக் கிழிசல். அழுத்தினால் கிரீம் நாசில் வழியாக வராமல் அவள் கையில் வழிந்தது. பையை மாற்றலாம் என்று எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோளாறு பெட்டிக்குள் இருந்திருந்தால், அந்தப் பின்னைப் பிடுங்கிய பிறகு அதிகமாக அல்லவா ஊரவேண்டும்? பெட்டிக்குள் கசிகிறதை வெளியே கொண்டுபோய் விடுகிற வழிதானே அந்தப் பின்? வழியை அடைத்ததும் ஊர்வது நின்றுவிட்டது என்றால், அது பெட்டியிலிருந்து சுவருக்குப் போகவில்லை. சுவரிலிருந்து பெட்டிக்கு வந்துகொண்டிருந்தது.

கிட்டார் கம்பியில் வராது இனிமேல். ஆனால் ஃபிரிட்ஜ் பிளக்கில் அந்த மூன்றாவது பின் அப்படியே இருக்கிறது. வாஷிங் மெஷினுக்கு இருக்கிறது. குளியலறை ஹீட்டருக்கு இருக்கிறது.

கையைக் கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"அண்ணே, இதைப் பாத்துக்கங்க" என்று கேக்கை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஏறுகிறவர்கள் நிதானமாக ஏறினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இவள் கையில் காய்ந்திருந்த கிரீமைப் பார்த்து, "யாருக்கு விசேஷம்?" என்று சிரித்தபடி கேட்டாள். இவள் மறுபடி வீட்டு நம்பரைப் போட்டாள்.

வீட்டு வாசலில் நின்று காலிங் பெல்லை அழுத்தினாள். சத்தமில்லை. மறுபடி அழுத்தினாள். கரண்ட் போயிருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடப்போனவள் காதில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் விழுந்தது. எதிர் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள். மின்விசிறி நின்றிருந்தது. கருகல் வாசனை வீடு முழுக்க அடைத்திருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு ஆவென்று திறந்து கிடக்க, பால் பாத்திரம் உருண்டு, பால் அறை முழுவதும் ஓடியிருந்தது. எதிர்ச் சுவரோரம் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கரண்ட் இல்லேன்னுதாம்மா தொட்டேன்" என்றாள். யாருக்கோ சமாதானம் சொல்வது போல அதையே திரும்பச் சொன்னாள். "கரண்ட் இல்லேன்னுதாம்மா..."

கிரீம் அக்கா பால் ஓடிய தரையில் கால் வைக்காமல், செருப்போடு சுற்றி வந்து, துடைப்பத்தின் மரக்காம்பால் மெயின் ஸ்விட்சை அடித்து இறக்கினாள். அதற்குப் பிறகுதான் மாமியாரைத் தொட்டாள். விரல்களில் கைப்பிடி பட்ட இடம் வெள்ளையாக வெந்திருந்தது. கைப்பிடியை இறுகப் பற்றாமல் இரண்டு விரலால் இழுத்ததுதான் காப்பாற்றியது, கரண்ட் அவளை உதறித் தள்ளிவிட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதயத் துடிப்பு ஒழுங்காகிறதா என்று பார்க்க அங்கேயே படுக்கவைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எறும்பு ஊர்ந்ததிலிருந்து பின்னைப் பிடுங்கியது வரை, ஒன்றையும் ஒளிக்காமல். என் தம்பியைச் சொல்லிக்காட்டுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். இத்தனை வருஷமாக மச்சானைப் பற்றி ஆயிரம் நக்கல் வைத்திருந்த மனிதர், அன்றைக்கு அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

"கடிக்குதுன்னு அம்மா சொல்லுச்சு. நான் பல்லைப் பத்திப் பேசினேன்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டதும் தம்பி நேராக வீட்டுக்கு வந்தான். இப்போது டெஸ்டரும் எடுக்கவில்லை, பெட்டியையும் புரட்டவில்லை. மெயினைத் திறந்தான். உள்ளே, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரின் முறுக்கு கரிக்கட்டையாகிப் பிளந்திருந்தது. அவள் ஃபிரிட்ஜ் சொருகியிருந்த பிளக் பாயிண்ட்டைக் காட்டி, "அதைக் கழட்டு" என்றாள்.

"அக்கா..."

"கழட்டுடா."

கழற்றினான். மூன்றாவது பின் நுழைகிற எர்த் ஓட்டைக்குப் பின்னால், மண்ணுக்குப் போகவேண்டிய ஒயர் சுவருக்குள்ளிருந்து வரவேயில்லை. சுண்டு விரல் நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர்த் துண்டு மட்டும் எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்து வளைந்திருந்தது. அடுத்த பாயிண்ட்டிலும் அதே துண்டு. குளியலறையிலும்.

"நியூட்ரல் நல்லா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான், குரல் உடைந்து. "அது விட்டுப்போச்சுன்னா, வர்ற கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம எல்லா இரும்பு மேலயும் ஏறி நிக்கும். விளக்கு எரியாது. ஆனா தொட்டா... சுவத்தை அப்பவே பூசி முடிச்சிட்டாங்க. எர்த் ஒயர் இழுக்கணும்னா மறுபடி உடைக்கணும். மாமா சீக்கிரம் சீக்கிரம்னு நின்னார். எனக்கு வேலை கத்துக்கொடுத்தவரும் இப்படித்தான் பண்ணுவார். எல்லாரும் பண்றாங்கன்னு..."

"அன்னிக்கு வந்தப்பவே உனக்குத் தெரியும்."

அவன் தலை குனிந்தான்.

அவள் அவனை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தது போல் தோள்பட்டையைக் குறுக்கிக்கொண்டு நின்றான், சின்ன வயசில் நிற்பது போலவே. அப்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. இவன் ஒயரிங் செய்தது இந்த ஒரு வீடா?

"வேற எங்கெல்லாம்டா இப்படிச் செஞ்சிருக்க?"

தெருவில் விளக்குப் போடுகிற நேரம். ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. அவன் அந்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமியார் பிழைத்து வீடு திரும்பினாள். கையில் தழும்பு, பேச்சில் அதே காரம். சுவரை உடைத்து, தோட்டத்தில் குழி தோண்டி, முறையாக எர்த் போட்டார்கள். போட்டது வேறொரு ஆள். தம்பி மண் அள்ளினான், யாரும் கேட்காமலே. வீட்டுக்காரர் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். "மச்சான்" என்று கூப்பிட்டார், பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

ஓவன்காரர் ஆம்புக்குப் புது பிளக் மாட்டிக் கொடுத்தார். கிரீம் அக்கா பழையபடி கேக்கில் பெயர் எழுதுகிறாள். மதியத்தில் வாசிக்கவும் செய்கிறாள். ஆனால் கிட்டாரை எடுப்பதற்கு முன்பு புறங்கையால் கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொண்டுவிடும், புறங்கை என்றால் உதறிவிடும் என்று அந்தப் புது எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் கிளம்புவார்கள். தனியாகப் போனால் அவன் பாதி வாசலிலிருந்தே திரும்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். முதல் வீட்டில் அவன், "சும்மா செக்கிங் பண்ண வந்தோம்" என்று சப்பைக்கட்டுக் கட்டப் பார்த்தான். அவள் நடுவில் புகுந்து, "இல்லைங்க. இவன் செஞ்ச வேலை தப்பு. உங்க வீட்டுல உயிர் போக வழியிருக்கு. சரிபண்ண வந்திருக்கோம்" என்றாள். சில வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் கை ஓங்கிவிட்டார், பிறகு உட்கார்ந்து அழுதார். அவர் பேத்தி தினமும் வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துகொண்டுதான் படிப்பாளாம். அவனுக்கு வேலை கொடுக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். சுவர் சுவராக உடைத்து ஒயர் இழுத்தான். கை காய்த்துப்போயிற்று.

ஒரு வீடு மட்டும் பாக்கி. கடைத்தெரு முடிகிற இடத்தில், பச்சை கேட் போட்ட வீடு. அந்த வீட்டுச் சொந்தக்காரர் முதல் முறையே கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

"இவ்வளவு வருஷமா ஒரு குறை இல்லை. இப்ப வந்து சுவத்தை உடைக்கணுங்கறீங்க. வேலை இல்லேன்னா வேற இடம் பாருங்க."

"காசு வேண்டாங்க. ஒரே ஒரு பாயிண்ட்டைக் கழட்டிக் காட்டறோம். நீங்களே பாருங்க" என்றாள் கிரீம் அக்கா.

"போங்கம்மா."

மின்வாரிய ஆபீசில் போய்ச் சொன்னாள். வந்து பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்களா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு போனார்கள், அதற்கடுத்த ஞாயிறும் போனார்கள். கேட் திறக்கவில்லை. நேற்றுப் போனபோது அவர் மனைவி மட்டும் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. ஈரத் தரை, வெறுங்கால். இவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒரு நிமிஷம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் பார்த்தாள். வரலாமா என்று யோசிப்பது போல ஒரு கணம் நின்றாள்.

உள்ளே வாஷிங் மெஷின் சுற்றி நிற்கிற சத்தம் கேட்டது. அடுத்த துணியை எடுக்க அவள் உள்ளே போனாள்.